எட்டு விரலைப் பற்றி நீ சொன்னதும் நான் சொல்லாததும்

மதி,

மத்தியானச் சாப்பாட்டை இன்றைக்காவது வேளையோடு சாப்பிட்டிருப்பாய் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில், "அம்மா, நான் தப்புப் பண்ணிட்டனா?" என்று கேட்டாய். நான் "சாப்ட்டியா?" என்று கேட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். பதில் தெரியாமல் மாற்றவில்லை. நீ தப்புப் பண்ணவில்லை. போனில் சொல்லியிருந்தால் அது ஒரு வரியில் முடிந்திருக்கும். நீயும் "சரிம்மா" என்று வைத்திருப்பாய். பெரிய சேனல், வாரம் இரண்டு நாள் நிகழ்ச்சி, தமிழ்நாடு முழுக்க உன் முகம். எல்லாம் சரியாக வந்து, "கம்பெனிகளைப் பற்றிய பேச்சு நிகழ்ச்சியில் இடம்பெறக் கூடாது" என்ற ஒரு வரியில் நின்றுபோனது. அந்த வரிக்காகக் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிட்டாய். தெரியாமல் போட்ட கையெழுத்தை விட, தெரிந்தே போட்ட கையெழுத்து எவ்வளவு காலம் உறுத்தும் என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். பேனாவைக் கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவே பிடித்து எழுதுவதால் எழுத்து மெதுவாகத்தான் வருகிறது. மூன்று நாளாக எழுதுகிறேன். இதை நீ உன் நிகழ்ச்சியில் வாசித்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. அதற்காகவே உனக்குத் தெரிந்ததையும் முதலிலிருந்து சொல்கிறேன்.

வடக்குப்பட்டில் நம் நிலம் கம்பெனிக்குப் போய் அந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவர் வந்த பிறகு, உன் அப்பா படப்பைக்கும் ஒரகடத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டத் தொடங்கினார். நான் கார் கம்பெனிகளுக்குத் தகடு அடித்துக் கொடுக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். அப்போது நீ எட்டாம் வகுப்பு. தகட்டை வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், பிரஸ் மெஷின் இறங்கும். கை உள்ளே இருந்தால் மெஷின் இறங்காமல் நிற்க ஒரு சென்சார் உண்டு. என் மெஷினில் அதை அணைத்து வைத்திருந்தார்கள். சேர்ந்த முதல் நாளே சூபர்வைசர் சொன்னார்: "அது இருந்தா லைன் லேட் ஆவுதுக்கா. நீங்கதான் பாத்து கைய எடுத்துக்கணும்." நானும் பார்த்துத்தான் எடுத்தேன். ஒரு நாளில் எத்தனை ஆயிரம் முறை எடுத்தேனோ, ஒரே ஒரு முறை எடுக்கவில்லை. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடு விரலும் போயின.

ஆஸ்பத்திரிக்குக் கம்பெனியிலிருந்து ஒருவர் பழங்களோடு வந்தார். நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "உங்க கவனக்குறைவுதான் காரணம்னு ஒரு வரி எழுதி இருக்குக்கா. போட்டுட்டீங்கன்னா பேக்கிங்ல லைட்டான வேலை குடுத்துடுவோம். இல்லாட்டி மேல இருக்கறவங்க கேஸு கீஸுன்னு போவாங்க, உங்களுக்குத்தான் அலைச்சல்." வலது கையில் கட்டு. இடது கையால் கோணல் மாணலாகக் கையெழுத்துப் போட்டேன். அன்றிலிருந்து எல்லாரிடமும் அதையே சொன்னேன். உன் அப்பாவிடம், என் அண்ணனிடம், உன்னிடம். நீ பள்ளிக்கூட யூனிபார்மோடு என் கட்டிலருகே நின்று, "எப்படிம்மா?" என்றாய். "உன் ஞாபகமா இருந்துட்டேன்டா" என்றேன். எவ்வளவு பெரிய பாவம் அது! ஒரு பொய்யைச் சொன்னதும் இல்லாமல் அதன் பாரத்தை ஒரு குழந்தையின் தலையில் ஏற்றினேன். பிறகு நீ அந்த வார்டு டாக்டர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு நடப்பதுபோல நடந்து காட்டினாய். பக்கத்துக் கட்டில்காரிக்கு வயிற்றில் தையல். "ஐயோ, சிரிக்க வக்காதடா" என்று அவள் அழுதாள். உன் தொழில் அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. எனக்குத்தான் புரியவில்லை.

பாலிடெக்னிக் முடித்து ஒரகடத்தில் டிரெயினியாகச் சேர்ந்தாய். கம்பெனி பஸ்ஸில் நீ சூபர்வைசர் மாதிரிப் பேசினால் தூங்குகிறவன்கூட எழுந்து உட்காருவான் என்று உன் நண்பர்கள் சொல்வார்கள். கோபம் வந்தால் பாதி வாக்கியம் மட்டும் இங்கிலீஷில் பேசும் அந்த மனிதரை, ஆயுத பூஜை விழாவில், அவர் முன்னாலேயே மேடையில் செய்து காட்டினாய். "திஸ் ஈஸ் நாட் யுவர் அப்பன் வூடு!" என்று நீ கத்தியதும் மொத்தக் கூட்டமும் விழுந்து விழுந்து சிரித்ததாம். அவரும் சிரித்தாராம். அடுத்த மாதம் உன் ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. அப்போது நான் செய்த காரியத்தை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. உன்னிடம் சொல்லாமல் கம்பெனி கேட்டில் போய் நின்று, அந்த மனிதர் வெளியே வந்ததும், "சின்னப் பையன் சார், தெரியாமப் பண்ணிட்டான்" என்று கும்பிட்டேன். விஷயம் உன் காதுக்கு வந்தது. வீட்டுக்கு வந்து, கோபப்படாமல், ரொம்ப அமைதியாகச் சொன்னாய்: "நான் தெரிஞ்சுதாம்மா பண்ணேன்." எனக்கு அது திமிராகப் பட்டது. கூத்தாடியாகப் போகிறாயா என்று கேட்டேன். ஆமாம் என்றாய்.

போனாய். தாம்பரம் வரை பஸ், அங்கிருந்து ரயில் என்று சென்னைக்குப் போய், காபிக் கடைகளில் முப்பது பேர் முன்னால் ஐந்து நிமிடம் பேசிவிட்டுத் திரும்பி வந்தாய். உன் அப்பாதான் உன் முதல் ரசிகர். ஆட்டோவில் ஏறுகிறவர்களிடமெல்லாம் போனை நீட்டி, "நம்ம புள்ள தாம்மா, பாரேன் இன்னாமா பேசிக்கினு கீறான்" என்று காட்டுவார். நான் பார்க்கவில்லை. ஒரு நாள் பேக்கிங்கில் சாப்பாட்டு நேரத்தில் பக்கத்து மேசைப் பெண்கள் ஒரு வீடியோவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நீதான் பேசினாய். "எங்கம்மாவுக்கு எட்டு விரல். நான் பரீட்சைல எண்பது மார்க் வாங்குனேன். நூத்துக்கு எண்பதுதானான்னு ஊரே திட்டுச்சு. எங்கம்மா மட்டும் ஒரு விரலுக்குப் பத்துன்னு எண்ணிப் பாத்துட்டு, ஃபுல் மார்க்குடா கண்ணான்னாங்க." சிரித்த பெண்களில் ஒருத்தி என்னைப் பார்த்தாள். ஒவ்வொருத்தியாகச் சிரிப்பை நிறுத்தினார்கள். அந்த அமைதிதான் எனக்கு வலித்தது. கையை முந்தானைக்குள் எடுத்துக்கொண்டேன்.

சாயந்திரம் நீ வந்ததும் கேட்டேன். "ஜனங்க சிரிச்சாங்கம்மா, அசிங்கமா யாரும் நெனக்கல" என்றாய். "அவங்களுக்கு இன்னாடா, அவங்க கை நல்லா கீது" என்றேன். பதிலுக்கு நீ ஒன்று சொன்னாய்: "நீதானம்மா சொன்ன, என் ஞாபகமா இருந்துட்டன்னு. அதச் சிரிச்சு தொலச்சாதான் எனக்குத் தூக்கம் வருது." அதற்கு நான் சொல்ல வேண்டிய பதில் ஒன்றே ஒன்றுதான். அதைச் சொல்லாமல் உள்ளே போய்விட்டேன். நாலு மாதம் உன்னோடு பேசவில்லை. நீ கோடம்பாக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு போனாய். உன் மேல் கோபம் என்று ஊர் நினைத்தது, நீயும் நினைத்தாய். என் மேல்தான் எனக்குக் கோபம்.

பொங்கலுக்கு நீ வந்தபோது, சமையலறையில் என் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாய். "அந்த ஜோக்க இனிமே சொல்ல மாட்டேன். ஆனா நெஜமா என்ன ஆச்சுன்னு சொல்லு" என்றாய். "என் கவனக்குறைவுதான்" என்றேன். நீ சிரித்தாய். "நீ உப்பு டப்பா மூடியக்கூட ரெண்டு தடவ அழுத்திப் பாப்பம்மா. உனக்குக் கவனக்குறைவா?" உன்னை ஈன்றபோதுகூட அப்படி உடைந்து அழுததில்லை. சென்சாரைப் பற்றிச் சொன்னேன். கையெழுத்தைப் பற்றிச் சொன்னேன். யாரிடமும் சொல்லாத இன்னொன்றையும் சொன்னேன்: செல்வியைப் பற்றி.

செல்வி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். இருங்காட்டுக்கோட்டையில் நாலு பேரோடு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். நான் பேக்கிங்குக்கு மாறிய பிறகு, என் மெஷினில் அவளைத்தான் உட்கார வைத்தார்கள். தினமும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருவாள், ஊர்க்கதை பேசுவாள். சென்சார் அணைந்திருப்பதை நான் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் என் பேக்கிங் வேலை போய்விடும் என்று பயம். "பாத்து செய்ம்மா" என்பேன், அவ்வளவுதான். அந்த வருடமே அவள் இடது கையில் நாலு விரல் போனது. ஊருக்குப் போய்விட்டாள். அவள் நம்பர் என்னிடம் இருந்தது. ஒரு தடவைகூட அழைக்கவில்லை. இதைக் கேட்டுவிட்டு நீ என்னைத் திட்டுவாய் என்று பார்த்தேன். திட்டவில்லை. என் கையை எடுத்து, விரல் இல்லாத இடத்தைத் தடவிக் கொடுத்தாய். என் மகனாகப் பிறந்த நீ அன்றைக்கு எனக்குப் பெரியவனாகிவிட்டாய்.

அதற்குப் பிறகு நீ போன வேகத்தை ஊரே பார்த்தது. ஒரு சேனலில் உனக்கு அரட்டை நிகழ்ச்சி கொடுத்தார்கள். கம்பெனி டீ இடைவேளை பத்து நிமிடம் என்பதால் அதற்குப் 'பத்து நிமிஷ பிரேக்' என்று பேர் வைத்தாய். சினிமாக்காரர்கள் வந்தார்கள், சிரித்தார்கள். அதுவரை எல்லா இடத்திலும் நடப்பதுதான். நீதான் அந்தச் சோபாவில் நடிகருக்குப் பக்கத்தில் எலக்ட்ரானிக்ஸ் லைனில் வேலை செய்கிற பெண்ணை உட்கார வைத்தாய். அவளிடமும் அதே மரியாதையோடு, அதே கேலியோடு கேள்வி கேட்டாய். ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி அவள் சொன்ன கதைக்கு அந்த நடிகர் கண்ணில் நீர் வரச் சிரித்தார், பிறகு சிரிப்பு நின்று, "இதையா தினமும் சாப்பிடறீங்க?" என்றார். உன் திறமை அதுதான் என்று அன்றைக்குப் புரிந்துகொண்டேன். சிரிக்க வைத்து வாயைத் திறக்க வைக்கிறாய்; திறந்த வாய் மூடுவதற்குள் உண்மையை உள்ளே வைத்துவிடுகிறாய்.

ஒரு நாள் வந்து கேட்டாய், செல்வியை நிகழ்ச்சிக்கு அழைக்கலாமா என்று. "நான் கூப்புட்டா வரமாட்டாங்க. நீதான் பேசணும்." இரண்டு நாள் போனை எடுத்து எடுத்து வைத்தேன். மூன்றாம் நாள் காலையில் அழைத்தேன்.

"யக்கா, நீங்களா? என்னக்கா இத்தன வருசம் கழிச்சி? நல்லாருக்கியளா?"

அந்தக் குரலில் துளி வருத்தம் இல்லை. அதனாலேயே சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. எப்படியோ சொல்லி முடித்தேன். "அந்த மெஷின்ல சென்சார் ஆஃப்ல இருந்தது எனக்குத் தெரியும் செல்வி. உங்கிட்ட நான் சொல்லல."

அவள் சொன்னாள்: "எனக்கும் தெரியும்க்கா. மூணாம் நாளே தெரிஞ்சிட்டு. நான் சர்டிபிகேட் வாங்க கம்பெனிக்கு வந்தப்ப அந்த மெஷின்ல ஒரு வடநாட்டுப் பையன் நின்னான். அவங்கிட்ட நான் சொன்னேனா? பாஷ தெரியாதுன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டு வந்துட்டேன். கையத் தூக்கிக் காட்டியிருந்தாலே அவனுக்குப் புரிஞ்சிருக்கும்லா?"

அவனுக்கு என்ன ஆனதோ எங்கள் இருவருக்கும் தெரியாது. இரண்டு பேரும் போனில் அழுதோம். பிறகு அவள்தான், "எப்ப வரணும்னு சொல்லுங்கக்கா, வந்துருதேன்" என்றாள்.

அந்த நிகழ்ச்சியைப் பதிவு செய்த நாளை நான் மறக்க மாட்டேன். செல்வி மட்டும் உட்காருவதாகத்தான் ஏற்பாடு. விளக்குகளைப் பார்த்ததும் அவள் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நானும் சோபாவில் ஏறி உட்கார்ந்தேன். நீ திகைத்துப் போய், சமாளித்து, "இதுவரைக்கும் இந்தச் சோபாவுக்கு எத்தனையோ பேர் வந்திருக்காங்க. என்ன அடிச்ச விருந்தாளி இவங்க ஒருத்தர்தான்" என்றாய். "இன்னும் அடிப்பேன், ஒழுங்கா கேள்வி கேளு" என்றேன். அரங்கமே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தைரியம் கொடுத்தது. கையை முந்தானைக்குள்ளிருந்து வெளியே எடுத்து மடியில் வைத்தேன். நீ கேட்டாய், நான் சொன்னேன். எனக்கு விரல் போனது என் கவனக்குறைவால் இல்லை என்று அத்தனை பேர் முன்னால் சொன்னேன். அப்புறம் உன்னைப் பார்த்து, "உன் ஞாபகத்தாலயும் இல்லடா" என்றேன். நீ தலையைக் குனிந்துகொண்டாய். கேமராக்காரர் வேறு பக்கம் திருப்பினார். நல்ல மனிதர்.

அடுத்து நடந்தது உனக்குத் தெரியும். என்னைப் பேக்கிங்குக்கு வர வேண்டாம் என்றார்கள். சேனலுக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது. "போன வாரம் சொன்னதெல்லாம் வேடிக்கைக்காக" என்று ஒரு வரி படித்துவிடு, எல்லாம் சரியாகிவிடும் என்று உன்னிடம் சொன்னார்கள். நீ கேமரா முன்னால் போய் நின்று, "நான் காமெடியன். பொய்ய உண்மை மாதிரிச் சொல்றதுதான் என் தொழில். போன வாரம் ஒரு நாள் மட்டும் நான் லீவுல இருந்தேன்" என்றாய். அத்தோடு நிகழ்ச்சி நின்றது. அப்பா ஆட்டோவை ஓரம் கட்டிவிட்டு ஓடி வந்து, "இன்னாடி இவன், சோத்துக்கு இன்னா பண்ணுவான்?" என்றார். சொல்லிவிட்டு அவரே, "ஆனா இன்னா தில்லு பாரேன்!" என்று தொடையில் தட்டிக்கொண்டார்.

நீ ஞாயிற்றுக்கிழமைகளில் இருங்காட்டுக்கோட்டை ஹாஸ்டல் வாசல்களில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, போனிலேயே நிகழ்ச்சியைத் தொடர்ந்தாய். தங்கள் மெஷினைப் பற்றிப் பிள்ளைகள் வந்து சொன்னார்கள், சிலர் முகத்தைக் காட்டாமல் குரலை மட்டும் கொடுத்தார்கள். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். என் பழைய தொழிற்சாலையில் எல்லா சென்சாரும் ஓடுகிறது என்று கேள்விப்பட்டேன். எல்லா இடத்திலும் ஓடவில்லை, அதுவும் தெரியும்.

பெருமையோடு ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். உனக்குக் கோபம் வந்தால் உன் கேலி ஆளைப் பார்ப்பதில்லை. ஒரு கம்பெனி கேட்டில் உன்னைத் தள்ளிய செக்யூரிட்டிக்காரரை நீ நடித்துக் காட்டிய வீடியோவை ஊரே பார்த்தது. அவர் பெண் பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்று அழுததாகக் கேள்விப்பட்டதும் உன்னைக் கூப்பிட்டுச் சொன்னேன். நீ ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. வீடியோவை எடுத்துவிட்டு, அவர் வீட்டைத் தேடிப் போய், அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டாய். டிவியில் உன்னைப் பார்த்த நாளைவிட அன்றைக்குத்தான் நான் அதிகம் பூரித்தேன். அந்தக் குணத்தை விட்டுவிடாதே. கேமரா பெரிதாகப் பெரிதாக எதிரில் இருப்பவர் சின்னதாகத் தெரிவார். கொஞ்சம் கவனமாக இரு. சேனல் வரும், போகும். இன்னொருவர் வேறு ஒப்பந்தத்தோடு வருவார். வரிவரியாகப் படித்துவிட்டுப் போடு. வராவிட்டாலும் பரவாயில்லை, நாற்காலி இருக்கிறது.

நான் இப்போது ஒரு பெண்கள் ஹாஸ்டலில் வார்டனாக இருப்பதைப் பற்றி உனக்கு அதிகம் சொன்னதில்லை. நேற்று நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் கௌசல்யா என்ற பெண்ணுக்கு நேற்றுத்தான் பிரஸ் லைனில் முதல் நாள். நான் அவளிடம் இன்னும் எதையும் சொல்லியிருக்கவில்லை. சாயந்திரம் வந்ததும் உட்கார வைத்துச் சொல்லலாம் என்றிருந்தேன். அவள் பையை வைத்துவிட்டு நேராகச் சாப்பாட்டு மேசைக்கு வந்தாள்.

"வேல எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன்.

"பரவால்லக்கா. காலைல மட்டும் ஒரு அரமணி நேரம் சும்மா நின்னேன். மெஷின்ல சென்சார் ஆஃப்ல கெடந்துச்சு. போட்டாத்தான் கை வப்பேன்னு சொல்லிட்டேன். சூபர்வைசர் மொறச்சாரு. பெறவு அவரே வந்து போட்டுவிட்டாரு."

"இதெல்லாம் கேக்கணும்னு யாரும்மா உனக்குச் சொன்னது?"

என்னை விநோதமாகப் பார்த்தாள். "யாரு சொல்லணும்? எல்லாத்துக்கும் தெரிஞ்சதுதானக்கா." அவளுக்கு உன் பேர் தெரியாது, மதி. உன் நிகழ்ச்சியையும் அவள் பார்த்ததில்லை. என் கையைக்கூடக் கவனிக்கவில்லை. நானும் எதுவும் சொல்லவில்லை. பசியில் அவசர அவசரமாகச் சோற்றைப் பிசைந்துகொண்டே, "யக்கா, ரசம் இருக்கா?" என்று கேட்டாள்; எடுத்துக்கொண்டு வந்து ஊற்றினேன்.

அம்மா